நாற்பதாம் நாள்

எங்கள் மருத்துவமனையில் ஒரு மாட்டுக்கு ஒரு கை என்பது கிடையாது. முதலில் நான் பார்ப்பேன். பிறகு எனக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் இறுதி ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை. தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டி, சோப்பு நீரில் நனைத்து, மாட்டின் பின்வழியாகக் கையை உள்ளே விட்டு, குடலின் சுவருக்குக் கீழே கிடக்கும் கருப்பையைத் தடவித் தெரிந்துகொள்வது. மாடு இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் நின்றுகொண்டிருக்கும். சாணி போடும், முதுகை வளைக்கும், சில சமயம் உதைக்கும். வேறு எதுவும் செய்ய அதற்கு இடம் கிடையாது.

கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்காக நடக்கிற மருத்துவமனை இது. ஓசூரைத் தாண்டி, கம்பெனி மதில்களும் ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸ்களும் மாறி மாறி வருகிற சாலையில் இருக்கிறது. சினைப் பிரிவில் நான் பாடமும் நடத்துகிறேன், வைத்தியமும் பார்க்கிறேன். வந்து பதினொரு வருடம் ஆகிறது. என் சொந்த ஊர் சேலம் பக்கம். வந்த புதிதில், ஒரே காலையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாட்டின் கழிச்சலை மூன்று பேர் விவரிப்பதைக் கேட்டு மிரண்டுபோனேன். இப்போது மூன்றிலும் திட்டுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

எங்களிடம் வருகிறவை எல்லாம் இந்த ஊரின் நோய்கள். கம்பெனி மதிலோரம் மேய்ந்து இரும்புச் சீவலும் கம்பித் துண்டும் விழுங்கிய மாடுகள். கல்யாண மண்டபக் குப்பையில் பிளாஸ்டிக் தின்றவை. அடுக்குமாடிகளிலிருந்து காரில் வந்து இறங்கும் நாய்கள். நாய்க்கு நேரம் குறித்துக் கொடுப்போம், மாட்டுக்கு வரிசை. ஒரு மாட்டின் வயிற்றைத் திறந்து வாளி நிறையப் பிளாஸ்டிக் எடுத்துத் தைத்து அனுப்பினால், ஆறு மாதத்தில் அதே மாடு அதே குப்பைமேட்டில் நிற்பதை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நம்பிக்கையோடு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அது இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த மாட்டுக்காரப் பெண் முதல் தடவை வந்தது ஒரு ஆடி மாதக் காலையில். தளி சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடப் பள்ளியில், எங்களோடு பேசுவது தமிழில். குட்டி யானை வண்டியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமான ஒரு சீமை மாட்டைத் தானே கயிறு பிடித்து இறக்கினாள். மாட்டின் கொம்புக்கு நடுவே மஞ்சள் அப்பியிருந்தது. மாடு அவள் தோளை நக்கிக்கொண்டே வந்தது. இவ்வளவு சாதுவான மாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நாலு ஊசி போட்டாச்சி மேடம். நாலும் நிக்கல" என்றாள். சினை ஊசியைச் சொல்கிறாள். "அஞ்சாவதும் நிக்கலன்னா ஏத்தி வுட்டுடலாம்னு சொல்லிக்கினு கீறாரு எங்க வூட்டுக்காரரு."

ஏற்றிவிடுவது என்றால் எங்கே என்று இந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை. லாரி எல்லை தாண்டிப் போகும், அவ்வளவுதான்.

"மாடு போனா நான் கம்பெனி வண்டி ஏறணும் மேடம். ரெண்டு வருசம் போனேன். காலையில நின்னா சாயந்தரம் வரைக்கும் நின்னுக்கினே கீணும். பாத்ரூம் போவறதுக்கும் லைன்ல சொல்லிட்டு, ஆளு மாத்தி வுட்டாதான் போவணும். காலு ரெண்டும் வீங்கிப்போயி வந்தேன். இந்த மாடு வந்தப்புறம்தான் வூட்ல கீறேன். எப்பிடியாச்சும் நிக்க வெச்சுக் குடுங்க."

அவள் கேட்டது அது ஒன்றுதான். கணவன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பால் கறக்கிற மாடு இருந்தால் அவள் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து எழுந்திருக்கலாம். மாடு கன்று போட்டால்தான் பால்.

பார்த்தேன். கருப்பையில் பழைய சீழ் இருந்தது. முந்தைய பிரசவத்தில் நஞ்சுக்கொடியை யாரோ அரைகுறையாகப் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். மருந்து விட்டுக் கழுவினேன். மாடு காளைக்குக் கத்துகிற பருவம் இரண்டை ஊசி போடாமல் சும்மா விடச் சொன்னேன். "சும்மா வுட்டா அவரு சும்மா வுட மாட்டாரே" என்று சிரித்தாள். மூன்றாவது பருவத்தில் விடிகாலையிலேயே போன் வந்தது. "வழும்பு கண்ணாடி மாதிரி ஒழுவுது மேடம். கத்தித் தீக்குது." கொண்டுவரச் சொல்லி நானே ஊசி போட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல மனநிலை. பிள்ளைகள் கூட அதைக் கவனித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

சினை நின்றதா என்று எல்லாரும் மூன்றாம் மாதம்தான் பார்க்கக் கொண்டுவருவார்கள். அதற்குள் கரு நன்றாக வேர்விட்டிருக்கும். கை பட்டால் பயமில்லை. ஆனால் மாணவர்களுக்கு அது சுலபமான பாடம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கஷ்டமான பாடம் நாற்பதாம் நாள். மாட்டின் கருப்பைக்கு இரண்டு கொம்பு உண்டு. நாற்பதாம் நாளில் ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் தளர்ந்து, உள்ளே நீர் ததும்புவது தெரியும். அந்தக் கொம்பை இரண்டு விரலால் மெல்ல எடுத்து அழுத்தி விட்டால், உள்ளே இருக்கிற ஒரு மெல்லிய சவ்வு விரலிடையில் நழுவி ஓடும். நழுவினால் சினை. அந்த நழுவலை ஒருமுறை உணர்ந்த விரல் மறக்காது. உணராதவனுக்கு எத்தனை படம் வரைந்து காட்டினாலும் புரியாது.

அந்த வருடத்து எட்டுப் பேரில் ஒருவரும் அதை உணர்ந்ததில்லை. நாற்பதாம் நாளில் யாரும் மாடு கொண்டுவருவதில்லை, அதனால்தான். ஸ்கேன் கருவி பழுதாகி வெளியூர் போயிருந்தது. இருந்தாலும், நாளைக்கு ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் வேலைக்குப் போய் நிற்கிறவனுக்குக் கைதான் கருவி. அவர்களுடைய பதிவேட்டில் அந்த ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட அன்றே அவளிடம், "நாப்பதாம் நாள் கொண்டு வாம்மா" என்று சொன்னேன்.

"மூணாம் மாசந்தானே பாப்பாங்க?"

"சீக்கிரம் தெரிஞ்சா நல்லதுதானே. நிக்கலைன்னா அடுத்த ஊசிக்கு நாள் வீணாகாது."

அது பொய்யில்லை. ஆனால் காரணமும் அது இல்லை. அவளுக்கு வண்டி வைத்துக் கொண்டுவருவதே பெரும்பாடு. என் வார்த்தைக்காகச் சரியாக நாற்பதாம் நாள் வந்து நின்றாள். விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாளாம்.

முதலில் நான் பார்த்தேன். வலது கொம்பு. நீர் ததும்பியது. எடுத்து மெல்ல அழுத்தினேன், நழுவியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"நின்னுடுச்சும்மா" என்றேன்.

அவள் மாட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொன்னாள். பிறகு போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் அந்த லாக்கருக்குள் கிடக்கிற போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். வேறொன்றும் சொல்லவில்லை, "நின்னிச்சி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, கையுறை மாட்டச் சொன்னேன்.

எட்டுப் பேரில் ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கத்தவள். அதிகம் பேசாதவள், ஆனால் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். வரிசையில் கடைசியாக நின்றவள் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மேடம், எட்டு பேரும் பாக்கணுமா? ரெண்டு பேரு பாத்தா போதாதா? இது ரொம்ப எளசுல்லா."

மாட்டுக்காரர்களுக்கு முன்னால் என்னிடம் யாரும் கேள்வி கேட்பது எனக்குப் பிடிக்காது. "கை வைக்கப் பயமா இருந்தா பேங்க் பரிச்சை எழுதப் போ. மாடு உன்கிட்ட வந்து சொல்லாது, நான் செனையா இருக்கேன்னு" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோய் வரிசைக்குத் திரும்பினாள்.

முதல் பையனுக்குக் கருப்பையே கிடைக்கவில்லை. துழாவிக்கொண்டே இருந்தான். இரண்டாமவனுக்குக் கிடைத்தது, நழுவல் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று சொன்னது நான்தான். மூன்றாமவனுக்குக் கனமான கை, கிரிக்கெட் ஆடுகிறவன். "தெரிஞ்சது மேடம், தெரிஞ்சது" என்று கத்தினான். நிச்சயம் பண்ணிக்கொள்வதற்காக மறுபடியும் ஒருமுறை அழுத்தியிருப்பான் என்பது அவன் தோள் போன போக்கிலேயே தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. மாடு முதுகை வளைத்து முக்கியது. ஏழாவது ஆள் கையை எடுத்தபோது கையுறையில் ரத்தம் கோடு போட்டிருந்தது. குடல் சுவர் உராய்ந்தால் அப்படி வரும், அடிக்கடி வருவதுதான். அதைப் பாடமாகவே சொல்லிவிட்டு எட்டாவது ஆளைக் கூப்பிட்டேன்.

தூத்துக்குடிப் பெண் கையை விட்டாள். ஒரு நிமிடம் கூட இருக்காது. "தெரிஞ்சிச்சு மேடம்" என்று எடுத்துவிட்டாள். அவள் தொடவே இல்லை என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எட்டுப் பேருக்கும் பக்கம் நிரம்பியது.

அவ்வளவு நேரமும் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண், போகும்போது எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். "எங்க ஊர்ல ஒரு டாக்டர் வர்றதே பெரிய விசயம். இன்னிக்கி என் மாட்ட எட்டு டாக்டருங்க பாத்தாங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். பிள்ளைகளுக்குப் பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இருபத்தைந்து நாள் கழித்து வந்தாள். முன்கூட்டிப் போன் பண்ணவில்லை. வண்டியிலிருந்து மாட்டை இறக்கியதும், "ராத்திரியெல்லாம் கத்திச்சி மேடம். செனை மாடு கத்துமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

அன்று பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. நான் மட்டும் பார்த்தேன். இரண்டு கொம்பும் ஒரே அளவாக, வெறுமையாகக் கிடந்தன. கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா கையை உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன்.

"கலைஞ்சிருக்கும்மா."

"எப்ப?"

"தெரியல. ரொம்ப ஆரம்பத்துல போனா வெளிய ஒண்ணும் வராது. உள்ளேயே கரைஞ்சிடும்."

அவள் அழவில்லை. யோசித்தாள். பிறகு தான் செய்த தப்பு எது என்று தேட ஆரம்பித்தாள். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். "மழையில ஒரு நாளு கட்டிப் போட்டிருந்தேன் மேடம், அதாலயா? சின்னப் பொண்ணு ஒரு வாட்டி வால இழுத்துச்சி. கேழ்வரகுத் தாளு பத்தாம கோசுத் தழ போட்டேன், தோட்டத்துல அறுத்துப் போட்டது. அதாலயா?"

நான் அங்கேயே நின்று சொல்லியிருக்கலாம். அம்மா, நீ செய்தது ஒன்றும் இல்லை, நாற்பதாம் நாளில் உன் மாட்டை வரவழைத்தது நான், அதன் கருப்பையை எட்டுப் பேர் பிசைய விட்டது நான் என்று. புத்தகங்களில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது. பழகிய கை மெல்லத் தொட்டால் ஆபத்து குறைவு என்று ஒரு பக்கம். பழகாத கை திரும்பத் திரும்பத் தொட்டால் கரு செத்துப்போகும் என்று இன்னொரு பக்கம். பழைய சீழ் இருந்த கருப்பை, தானாகவே கூடப் போயிருக்கலாம். அந்த ஒரு வரியைத்தான் நான் இன்றுவரைக்கும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். ஆனால் அன்று அதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னது இது:

"கோசுத் தழையா? மருந்து அடிச்சதா?"

அவள் முகம் அப்படியே வாடிப்போனது. "அடிச்சிருப்பாங்க" என்றாள்.

"அதெல்லாம் செனை மாட்டுக்குப் போடலாமா?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். என் மேல் குற்றம் இருக்கிற இடத்தில் எனக்குக் கோபம் இன்னும் நன்றாக வரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார், நீலச் சட்டையில் கம்பெனிக்காரன் கொடுத்த அடையாள அட்டை தொங்கியது. கண்கள் உள்ளே போயிருந்தன. மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இன்னொரு வாட்டி கழுவி ஊசி போடலாம். நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றேன். நிஜமாகவே இருந்தது. ஒருமுறை நின்ற மாடு இன்னொருமுறை நிற்கும்.

"நிக்கும் மேடம். நீங்க நிக்க வெச்சீங்க. இவ காப்பாத்தலியே" என்றார். "எட்டு டாக்டருங்க பாத்து செனைன்னு சொன்னத, இவ கோசுத் தழ போட்டுக் கலைச்சிட்டா. நீங்களே சொன்னீங்களாமே. இன்னொரு ஊசி போட்டு இன்னொரு வருசம் தீனி போடறதுக்கு என்னால ஆவாது மேடம். இவளுக்கு மாடு பாக்கத் தெரியாது. கம்பெனிக்கே போவட்டும்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. என் மேசையில் ஒரு பேனா இருந்தது, அதன் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். "யோசிச்சு செய்யுங்க" என்றேன். அதற்கு ஒரு டாக்டர் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார்.

அவர்கள் போனதும் தூத்துக்குடிப் பெண் அறைக்குள் வந்தாள். அறைக் கதவு திறந்தேதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சொல்லிருவோமா மேடம்?"

"என்னன்னு?"

"அந்தம்மா மேல தப்பு இல்லைன்னு."

"அப்போ யார் மேலன்னு அவரு கேப்பாரு. சொல்லு. என்ன சொல்லுவ?"

அவள் கையிலிருந்த பதிவேட்டை மூடினாள்.

"நாளைக்கே ஊர் முழுக்கப் போயிடும். ஒருத்தன் மாடு கொண்டுவர மாட்டான். உனக்கு அடுத்து வர்ற பிள்ளைங்க எதைத் தொட்டுப் படிக்கும்? தெர்மாகோல்ல மாடு செஞ்சு வெச்சா? படிக்காத கையோட வெளிய போய் ஊர் ஊரா எத்தனை மாட்டைக் கெடுக்கும், நினைச்சுப் பாரு."

நான் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். மாட்டைத் தொடாமல் மாட்டு வைத்தியம் வராது. முதலில் தொடுகிற கை தப்பாகத்தான் தொடும். ஏதோ ஒரு மாடு அந்தத் தப்பைத் தாங்கியாக வேண்டும். ஆனால் அன்று எனக்கு அடுத்த வருடத்துப் பிள்ளைகள் மேல் அக்கறை எதுவும் இருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மாணவி அதைப் பார்த்துவிட்டாள். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் கழித்து மாட்டுக்காரப் பெண் தனியாக வந்தாள், மாடு இல்லாமல். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் செம்மண். வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்துதான் உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும், இன்னொரு ஊசிக்குக் கணவன் சம்மதித்துவிட்டாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"நாளைக்கி வண்டி வருது மேடம். வியாபாரி டாக்டர் பேப்பர் இல்லாம ஏத்த மாட்டேங்கறாரு. செக்போஸ்ட்ல கேப்பாங்களாம். இந்த மாடு இனிமே செனைக்கு ஆவாதுன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"ஆகுமேம்மா" என்றேன்.

"ஆவும்னு தெரியும் மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா பேப்பர்ல மாட்டு மேலயே கொற கீதுன்னு எழுதுங்க. தழ போட்டதால இல்லன்னு தெரியற மாதிரி எழுதுங்க. அவரு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு மேடம். எங்க மாமியாரு, நாத்தனாரு, பால் ஊத்தற எடத்துல எல்லாம், நான்தான் கலைச்சேன்னு. மாடு போவது, போவட்டும். திங்கக்கெழம நான் கம்பெனி வண்டி ஏறிடுவேன். என் பொண்ணுங்க மட்டும் அப்பிடி நெனைக்கக் கூடாது. ராத்திரி பெரியவ கேக்கறா, ஏம்மா வெசத் தழ போட்டேன்னு."

எங்கள் மருத்துவமனையில் சான்றிதழ்களை மாணவர்கள் எழுதுவார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். அதுவும் ஒரு பயிற்சி. அன்று எழுதும் முறை யாருக்கு என்று பார்த்தேன். தூத்துக்குடிப் பெண்ணுக்கு. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். முறையை மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளாகிவிட்டேன்.

அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மாட்டின் நிறம், வயது, காதுத் தோட்டின் எண். குண்டு குண்டான அழகான கையெழுத்து. பிறகு நிறுத்தி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். என்ன போட?"

மாட்டுக்காரப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கட்டம்தான் முக்கியம்.

"கருப்பையில் நிரந்தரக் குறைபாடு. இனவிருத்திக்குத் தகுதியற்றது. அப்படிப் போடு" என்றேன்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

அந்தப் பெண் காகிதத்தை வாங்கி, தலைகீழாக இல்லையே என்று பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. "படிச்சுக் காமிம்மா" என்று மாணவியிடமே கொடுத்தாள். மாணவி எழுந்து நின்று வாசித்தாள். வகுப்பில் வாசிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக, குரல் உடையாமல், கடைசி வரி வரைக்கும்.

"அப்ப கொற மாட்டுதா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். பதற்றத்தில் அவளுக்குத் தமிழ் கலங்கிவிட்டது. "தப்பு மாட்டோடதா மேடம்? நான் பண்ணது ஒண்ணும் இல்லியா?"

"நீ பண்ணது ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அதை அவள் தெலுங்கில் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய காகிதம் அது. "இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன் மேடம், வூட்ல வெச்சிக்க" என்றாள். என்னைக் கும்பிட்டாள், மாணவியைக் கும்பிட்டாள். "என் மேல கீற பழியப் போக்கிட்டீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.